சின்னாத்தாள் காட்டிய ஆள்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் சின்னாத்தாளுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்; சூப்பர்வைசர் சொல்லிச் சொல்லியே ஏற்றிவிட்ட கர்வம்.

2006-இல் ஒரு நாள் வேலை விட்டு வரும்போது, பைக்கில் வந்த ஒருவன் அவள் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு பறந்துவிட்டான். முகத்தைப் பார்த்தது கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். ஆனாலும், ஜெயிலில் நடந்த அடையாள அணிவகுப்பில் முனீஸ் என்பவரைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. பார்த்த முகம்! "இவனேதானுங்க" என்று கையை நீட்டிவிட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, கோர்ட் வராந்தாவில் முனீஸின் மனைவி செல்லத்தாய் கைக்குழந்தையோடு வழிமறித்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி.

"எக்கா, எங்க வீட்டுக்காரர நெசமாவே தெரியலியா? உங்க கம்பெனிக்குத் துணி மூட்டை எறக்க வருவாருல்லா? வண்டிக்கு ஆர்.சி. புக்கு இல்லன்னுதான் போலீசுல புடிச்சாவ. அப்புறம் இந்தக் கேசையும் தலையில கெட்டிட்டாவ."

சின்னாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டைக்கு அடியில் குனிந்து வரும் அந்த முகம்! கம்பெனியில் பார்த்த முகம் என்பதால்தான் ஜெயிலில் கையை நீட்டினாளா?

கூண்டில் ஏறினாள். முன்பு சொன்னதையே சொன்னால் அந்த மனுஷன் உள்ளே போவார். மாற்றிச் சொன்னால் போலீஸ் சும்மா விடாது.

"எங்க கம்பெனில மூட்டை எறக்கறப்பப் பாத்த மொகமுங்க சாமி. அறுத்தது இவருதான்னு சத்தியமாச் சொல்ல முடியாதுங்க."

அரசு வக்கீல் பல்லைக் கடித்தார். முனீஸ் விடுதலையானார்.

சில மாதம் கழித்து உண்மையான திருடன் மடத்துக்குளத்தில் பிடிபட்டான். கொடியும் அவள் கைக்குத் திரும்பி வந்தது. ஸ்டேஷனில் அவனைக் காட்டினார்கள். எத்தனை உற்றுப் பார்த்தும் யாரோ ஒருவனாகத்தான் தெரிந்தான். அன்று நடந்ததை நினைத்தால் இன்னமும் பைக்கில் முனீஸ்தான் வருகிறார். தப்பென்று தெரிந்த பிறகும் அவரேதான் வருகிறார். என்ன பாழாய்ப்போன ஞாபகம் இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முனீஸ் மறுபடி கம்பெனிக்கு மூட்டை இறக்க வந்தபோது, மன்னிப்புக் கேட்பதற்காக எழுந்து போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சின்னாத்தாளின் கை தானாகப் போய்த் தாலிக்கொடியை இறுகப் பிடித்துக்கொண்டது.

முனீஸ் அந்தக் கையைப் பார்த்தார். மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.