அறுபத்திரண்டாம் எண் வீட்டுப் புல்

"நீங்க எல்லாரும் சும்மா உட்கார்ந்து புல்லு காயுறதை வேடிக்கை பார்க்குற ஆளுங்க. நான் அப்படியில்லை. என் கண்ணு முன்னால ஒரு புல்லு காயணும்னா, அதுக்கு முன்னாடி நான் காஞ்சிருக்கணும்."

தீயணைப்பு நிலையத்தின் வருடாந்திர பேன்கேக் விருந்தில், ஒரு கையில் தட்டும் மறு கையில் முள்கரண்டியுமாக எழுந்து நின்று வெர்லின் ஸ்டாக்கி இப்படி அறிவித்தார். கொலராடோ மலைகளில் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் காப்பர் பெண்ட். மூச்சை மிச்சம் பிடித்துப் பேசிப் பழகியவர்கள் அங்கே இருப்பவர்கள். அதனால் சபை தட்டுக்குத் திரும்பியது. பிறகு எதிர்வீட்டு எலோய் ஆர்ச்சுலெட்டா, "அந்த இனிப்புப் பாகை இப்படித் தள்ளுங்க தலைவரே," என்றார்.

வெர்லின் இண்டியானாவில் பிறந்து, அங்கேயே வேலைக் காலம் முழுவதும் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். ஏறுவார், இறங்குவார், கையெழுத்துப் போடுவார், மறுபடி ஏறுவார். ஓய்வு பெற்றதும் மலைக்குக் குடிபோய் வாசல் தாழ்வாரத்தில் இரண்டு ஆடுநாற்காலிகளைப் போட்டு, மனைவி கொரினோடு உட்கார்ந்து சிகரத்தைப் பார்ப்பது என்பது ஏற்பாடு. மலைக்கு வந்தார்கள். நாற்காலிகளும் வந்தன. கொரினுடைய நாற்காலி மெத்தை இந்த மூன்று ஆண்டுகளில் நைந்துபோனது. வெர்லினுடைய மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

காரணம், வீட்டுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் இருந்தது. பொடிந்த பாறையும் முட்புதரும் கிடந்த இடம். அதை அப்படியே விட்டுவைக்க அவரால் முடியவில்லை.

முதல் ஆண்டு புல்தரை போட லாரி லாரியாக நல்ல மண் இறக்கினார். ஏப்ரல் காற்று அதில் பாதியை அள்ளிக்கொண்டு போய் எலோய் வீட்டு முற்றத்தில் கொட்டியது. எலோய்க்கு அந்த ஆண்டு முள்ளங்கி அமோகமாக விளைந்தது. ஒரு கட்டு கொண்டுவந்து நன்றியும் சொன்னார். இரண்டாம் ஆண்டு புல் பிடித்தது. அதன் பிறகு வெர்லினுக்கு நிற்க நேரமில்லை. காற்றில் ஈரமே கிடையாது, வெயிலோ தோலை உரிக்கும். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொண்டு நாள் முழுக்க தரையில் குத்திப் பார்ப்பார். சுலபமாக இறங்கினால் ஈரம் இருக்கிறது. மறுத்தால் தண்ணீர் வேண்டும். சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய்க் குத்துவார். ஜனவரியில் பனி விழாத வாரங்களில் கம்பளிக் கோட்டோடு நின்று, குச்சிபோல விறைத்த ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டி, உறங்கும் புல்லுக்கு நீர் ஊட்டுவார். வேர் காய்ந்துவிடுமாம்.

"வெர்லின், உட்காரேன்," என்பாள் கொரின்.

"இதோ, இந்த ஓரத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

அந்த ஓரம் மூன்று ஆண்டுகளாக முடியவில்லை.

இந்த வசந்தத்தில் மழையும் இல்லை, மலையில் பனியும் இல்லை. ஊராட்சி கட்டுப்பாடு போட்டது: ஒற்றைப்படை எண் வீடுகள் ஒற்றைத் தேதிகளில், இரட்டைப்படை வீடுகள் இரட்டைத் தேதிகளில் மட்டும் புல்லுக்கு நீர் விடலாம். வெர்லின் வீட்டு எண் அறுபத்திரண்டு. மே மாதம் வரை எப்படியோ ஓட்டினார். அப்போதுதான் நாட்காட்டி செய்யும் சதி அவருக்குப் புரிந்தது. மே முப்பத்தொன்று ஒற்றை. மறுநாள் ஜூன் ஒன்று, அதுவும் ஒற்றை. ஒற்றைக்காரர்களுக்கு அடுத்தடுத்து விருந்து. இரட்டைக்காரர்களுக்கு அடுத்தடுத்துப் பட்டினி.

முப்பத்தொன்றாம் தேதி காலை, வாசல் எண்பலகையிலிருந்த இரண்டைக் கழற்றிவிட்டு மூன்றை மாட்டினார். ஒரு நாட்டின் எல்லைக்கோட்டை மாற்றி வரைகிறவரின் முகபாவம் இருந்தது அவருக்கு.

அறுபத்து மூன்று எலோய் வீட்டு எண் என்பதை அவர் மறக்கவில்லை. எலோய் தபாலில் கோழிக்குஞ்சுகள் வரவழைத்திருந்தார் என்பதுதான் தெரியாது. தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர், கீச்சுக்கீச்சென்று கத்திய பெட்டியைக் கொரினின் மடியில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே எலோய் வந்தார். பலகையைப் பார்த்தார்.

"தலைவரே, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கோம்? அப்போ ராத்திரி சாப்பாட்டுக்கு நான் எங்கே உட்காரட்டும்?"

"என் நாற்காலி காலியாத்தான் இருக்கு," என்றார் வெர்லின்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் கொரின்.

எலோய் சிரித்துக்கொண்டே குஞ்சுகளோடு போனார். வெர்லின் தண்ணீரைத் திறக்காமலே மூன்றைக் கழற்றிப் பழைய இரண்டை மாட்டினார். கொரின் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்த பயணப்பெட்டியை இறக்கினாள்.

"நாளன்னைக்கு என் தங்கச்சி லுவெல்லா வீட்டுக்குப் போறேன். இண்டியானாவுல புல்லு தானா வளருது, மனுஷங்க உட்கார்றாங்க."

"எப்போ திரும்பி வருவே?"

"அந்த பிளாஸ்டிக்கை என்னைக்குப் பிரிக்கிறியோ, அன்னைக்குச் சொல்லு."

ஜூன் இரண்டு விடிந்தது. இரட்டை நாள். தெளிப்பான்கள் தானாகத் திறக்கும் நேரத்துக்கு முன்பே வெர்லின் கையில் ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் பட்டினியில் புல் நுனியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. நடுவில், அவர் வெட்டாமல் உயரமாக வளரவிட்டிருந்த பகுதியில், புள்ளி புள்ளியாக ஏதோ கிடந்தது. எல்க் என்கிற பெரிய மலைமானின் குட்டி. பிறந்து ஈரம்கூடக் காயவில்லை. வேலிக்கு அப்பால் தாய் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு மலையில் அதற்குக் கிடைத்த ஒரே பச்சைத் தொட்டில் இதுதான் போலும்.

கொரின் வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கிட்டப் போகாதீர்கள், குட்டி கூடவே ஓடப் பழகும்வரை தாய் அதை அங்கேயேதான் படுக்கவைக்கும், சத்தம் கேட்டால் பால் கொடுக்க வராது என்றார்கள்.

"அந்த ஓரத்துக்கு மட்டும் தண்ணி விட்டா?" என்றார் வெர்லின்.

"விடேன். யாரு தடுக்கறா? இன்னைக்கு உன் நாள்தானே."

வெளியே குளிரில் பல் கிட்டியது. குட்டி காதை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி அசையாமல் கிடந்தது. வெர்லின் ஸ்க்ரூடிரைவரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கு நடந்தார், அந்தக் கோடிக்கு நடந்தார். தாய் ஒரு அடி பின்வாங்கியது. அவர் நடப்பதை நிறுத்தினார். பூனை மாதிரி கார் கொட்டகைக்குள் போனார். திரும்பி வந்தபோது, தெளிப்பான்களைத் தானாகத் திறக்கும் பெட்டியிலிருந்து பிடுங்கிய மின்கம்பி கையில் தொங்கியது.

அன்றைக்குக் கொரின் கிளம்பவில்லை. கார் கதவு சத்தம் போடும் என்றாள்.

அடுத்த இரட்டை நாளும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. காற்று ஓயவில்லை. புல் முதலில் வைக்கோலாகி, பிறகு தாழ்வார மரப்பலகையின் நிறத்துக்கே வந்துவிட்டது. தெருவுக்கு அப்பாலிருந்து எலோய் குரலைத் தாழ்த்தி, "தலைவரே, இன்னைக்கு ரெட்டை," என்றார்.

"தெரியும்," என்றார் வெர்லின்.

தாய் பால் கொடுக்க வந்திருந்தது. அவர் மெல்ல, மிக மெல்ல, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"ஷ்," என்றாள் கொரின். பிறகு கையை நீட்டி, சத்தம் வராமல் அந்த உறையை ஓரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.