முன்னூறு பேரும் ஒரு மதகும்

எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டாளத்திலிருந்து விலகி, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். நெல் கதிர் வாங்கும் நேரம். ஏரிக்கரையிலிருந்த மேலூர்க்காரர்கள் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வரும் மதகை அடைத்துவிட்டார்கள்.

"பத்து பேரு போய் ஒரு கை பாத்துக்கினு வந்துடறோம்ணே" என்றார்கள் எங்கள் ஊர் ஆட்கள்.

"பத்து பேரு போனா கொல வுழும். ஊரே போவணும்" என்றேன்.

அது பட்டாளத்தில் கற்றது. எதிரியைப் போல மூன்று மடங்கு ஆளோடு போனால் சண்டையே நடக்காது, இரண்டு பக்கமும் உயிர் மிஞ்சும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். நான் அதை முழுசாக நம்பினேன்.

என் மனைவி பிறந்தது மேலூரில். "அங்க எங்கண்ணன் நிப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளும் கூடவே நடந்தாள்.

மதகின்மேல் முப்பது பேர் தடிகளோடு நின்றார்கள். முன்னால் என் மச்சான். நாங்கள் முன்னூறு பேருக்குக் குறையமாட்டோம்.

"இன்னா மாப்ள, பட்டாளத்தயே இட்டுக்கினு வந்துட்டீங்க?"

"மதகுப் பலகையத் தூக்குங்க மச்சான். யாரும் கை வெக்க மாட்டாங்க."

மச்சான் எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தடியைக் கீழே போட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினார். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. ஒருவர்மேலும் கீறல்கூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து மச்சானின் புருவத்தைக் கிழித்தது. "மதகையே ஒடைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. "நில்லுங்க! நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அந்த முப்பது பேருக்கும் பின்னால் ஏரி, ஓட வழியில்லை.

என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"அதான் தண்ணி வந்துடுச்சே! இன்னும் இன்னாடா வோணும் உங்களுக்கு?"

முன்வரிசை நின்றது. மெல்ல மெல்லப் பின்வரிசையும் நின்றது.

அப்புறம் தாலுக்கா ஆபீஸில் பேசி, இரண்டு ஊருக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் பயிர் பிழைத்தது. இன்றும் ஏதோ எல்லையில் பெரும்படை குவிகிறது என்று பேப்பரில் படித்தால் அந்த மதகுதான் நினைவுக்கு வருகிறது. படை திரட்டத் தெரிந்தவருக்கு அதை நிறுத்தத் தெரியுமா என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் மச்சான் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகளுக்குக் காது குத்த மாமன் மடி வேண்டுமென்று மனைவி போய் அழைத்தாள். வந்தார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார், சாப்பிட்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.