கழுவாத பெண்ணுருவம்

அகழாய்வில் கிடைக்கும் பொருள்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் வேலை. இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஒரே ஒரு பொருளுக்காகத்தான் மேலதிகாரி சொன்னதைச் செய்ய மறுத்திருக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, சென்னிமலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அது நடந்தது.

மூன்றாவது குழியில் உள்ளங்கை அளவில் ஒரு சுடுமண் பெண்ணுருவம் கிடைத்தது. தலை இல்லை. அகன்ற இடுப்பு, மார்பின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டிச் செய்த மாலை. உடம்பெல்லாம் மண் அப்பியிருந்தது.

மறுநாள் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. எங்கள் இயக்குநர் கூடாரத்துக்கே வந்துவிட்டார். "கழுவித் துடைச்சு ட்ரேல வைங்க மேடம். சேத்தோட எப்படிக் காட்டறது?" என்றார். மேலே ஏதாவது பூசியிருந்தால் வெறும் தண்ணீரே அதைக் கரைத்துவிடும், ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கழுவ மாட்டேன் என்றேன். மறுத்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலையே அதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. தோட்டத்தில் அம்மன் கிடைத்திருக்கிறது என்று ஊருக்குள் பேச்சுப் பரவி, தோட்டக்காரர் மனைவி ருக்மணியம்மா பத்துப் பெண்களோடு மஞ்சள், குங்குமம், கற்பூரத்துடன் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், எங்க காட்டுல வந்த ஆத்தாளுங்க. ஒரு பொட்டு மட்டும் வெச்சுப்போட்டுப் போயிர்றோமுங்க."

அவர் நிலத்தில் அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தேன். மாலைக்கு அடியில், மண் உதிர்ந்த இடத்தில் தெரிந்த சிவப்புத் தடத்தைக் காட்டினேன்.

"இது மண்ணோட நெறமா, யாராச்சும் பூசுனதான்னு எனக்குத் தெரியலைங்க. இன்னைக்கு நீங்க குங்குமம் வெச்சா, அப்புறம் யாருக்குமே தெரியாமப் போயிருமுங்க."

வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப எங்களுக்கு முந்தியே ஒருத்தி பொட்டு வெச்சிருக்காளுங்களா?"

"இருக்கலாமுங்க."

குங்குமத்தை மடித்து வைத்துக்கொண்டார். வரப்பு மேல் கற்பூரம் மட்டும் ஏற்றிக் கும்பிட்டார்கள். போகிற வழியில் இயக்குநரிடம், "அந்த மேடம் சொல்றாப்பலயே உட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலத்துக்காரம்மாவை எதிர்த்துப் பேச இயக்குநருக்கு மனமில்லை. மறுநாள் அதிகாரி மண்ணோடுதான் பார்த்தார்.

நான்கு மாதம் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது. காவிக்கல் பூச்சு, அதன்மேல் புகைக்கரி, மறுபடி காவி. நெருப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவைக்கு மேல் பூசியிருக்கிறார்கள். இயக்குநர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். "நீங்க கழுவியிருந்தா நான் 'பொம்மை'ன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார். அடுத்த நிமிடமே, காட்சிப் பெட்டியில் 'தாய்த் தெய்வம்' என்று போடலாம் என்றார். அதற்கும் நான் ஒப்பவில்லை. 'சடங்கில் பயன்பட்டிருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் தைரியம் வேண்டும். இப்போது எங்கள் அகழாய்வுப் படிவத்தில் 'கழுவ அனுமதி' என்று தனிக் கட்டம் இருக்கிறது. என்னைப் போன்ற பாதுகாப்பாளர் கையெழுத்துப் போடாமல் எந்தப் பொருள் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. அந்தக் கட்டத்தைப் போட வைத்தவள் நான்.