ஆணியின் கைப்பட்டை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு ஆணி என்று பெயர். உட்கார்ந்தால் ஆணி அடித்த மாதிரிதான், எழுந்திருக்க மாட்டார். ஒட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலி. அதிலிருந்தபடியே வேலை, சாப்பாடு, ஊர்வம்பு எல்லாம் நடக்கும். வீட்டில் முக்காலிக்குப் பதில் சோபா.

ஒருநாள் விருப்பப்பட்டவர்களுக்கெல்லாம் நிர்வாகம் கைப்பட்டை கொடுத்தது. நடை, நாடித்துடிப்பு, தூக்கம் மூன்றையும் அது குறித்துக்கொள்ளும். தொழிற்சாலை நர்ஸ் தன் கணினியில் அதைப் பார்த்து, நோய் முற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஆணியும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டார். முதல் வாரமே நர்ஸ் அவரைக் கூப்பிட்டு, கொஞ்சமாவது நடக்கச் சொன்னாள்.

அவர் நடக்கவில்லை. பட்டையைக் கழற்றி மனைவி கையில் கட்டிவிட்டார். அவளுக்கு மூன்று மாடித் துணிக்கடையில் வேலை. நாள் முழுக்கத் துணிக்கட்டுகளோடு படியேறி இறங்குபவள். எப்படியும் நடக்கிறாய், எனக்கும் சேர்த்து நடந்துவிடேன் என்றார். அவள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். பட்டை பிடித்துப்போனதால் தூங்கும்போதும் கழற்றவில்லை.

ஆணியின் கணக்கு கிடுகிடுவென்று ஏறியது. ஆணிக்குக் கால் முளைத்துவிட்டது என்று விஷயம் தெரிந்த நண்பர்கள் கேலி செய்தார்கள். அவரும் கூச்சமில்லாமல் சிரித்தார்.

நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் முகம் சரியில்லை.

"தூங்கும்போதுகூட உங்க நாடி ஓட்டமா ஓடுது அண்ணா. பல நாளா இப்படித்தான். கையைக் குடுங்க பாப்போம்."

பிடித்துப் பார்த்தால் கையில் பட்டை இல்லை, நாடியும் நிதானமாக இருந்தது. அவளுக்குப் புரியவில்லை. ஆணிக்குப் புரிந்துவிட்டது. மனைவி இளைத்துக்கொண்டே வந்ததும், வியர்க்கிறதென்று ஜன்னலைத் திறந்து வைத்ததும், டம்ளரைப் பிடிக்கையில் அவள் விரல் நடுங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. படியேறுகிற களைப்பு என்றே இருந்துவிட்டார்.

"அது என் நாடி இல்ல சிஸ்டர். என் வீட்டுக்காரம்மாவோடது."

நர்ஸ் திட்டவில்லை. முதலில் அவங்களை டாக்டரிடம் கூட்டிப் போங்க, மற்றதைப் பிறகு பேசலாம் என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. இதயத்துக்குக் கெடுதல் வருவதற்குள் வந்துவிட்டீர்கள், மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி கணவரைப் பார்த்தாள்.

"உங்க சோம்பேறித்தனத்துக்குத்தான் ஒரு கும்பிடு போடணும். ஆனா இனிமே உங்க நடைய நீங்களே நடந்துக்கணும்."

சில மாதங்களில் அவள் உடம்பு தேறியது. கை நடுக்கம் நின்றது. தனக்கென்று ஒரு பட்டை வாங்கிக்கொண்டாள். நர்ஸ் பழைய கணக்கை அழித்துவிட்டு ஆணியின் சொந்த உடம்பைப் பரிசோதித்தபோது, இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றது. இப்போதே நடந்தால் மருந்து தேவைப்படாது என்றாள்.

இப்போது மாலையில் இருவரும் பூங்காவைச் சுற்றுகிறார்கள். அவருக்கு மூச்சு வாங்கும், அதிகம் பேச முடியாது. அதனால் அவள் பேசுகிறாள்: விலை கேட்டே பொழுதைப் போக்குபவர்கள், ஆள் பார்த்துச் சிரிக்கும் முதலாளி, புடவை நிறம் பிடிக்கவில்லையென்று மூன்று முறை திரும்பி வந்த மணப்பெண். துணிக்கடைக்குள் இத்தனை கதை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. மணப்பெண் கடைசியில் எதை எடுத்தாள் என்று கேட்டுக்கொண்டே இன்னொரு சுற்றும் நடந்துவிடுகிறார்.