வீரையா அண்ணன் எடுத்த பாவ்

ஐம்பதுகளின் நடுவில் நான் சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் புது ஆட்களுக்கு ரோடு காட்டுவதும் என் வேலைதான். "மூணு நாள் கூட்டிட்டுப் போ. நாலாம் நாள் தனியா விட்டுடு" என்பார் எங்கள் மேஸ்திரி மண்டோர்.

எனக்குப் போர்டு படிக்கத் தெரியாது. அதனால் மூக்கை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். மாட்டுச்சாணி வாடை அடித்தால் பஃபலோ ரோடு. சேற்று நாற்றம் வந்தால் ரோச்சோர் கால்வாய். காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்தால் ஜாலான் புசார் பக்கம். வெண்ணெய் போட்டு வறுப்பார்கள். இப்போது நான் இருக்கும் ஆங் மோ கியோவில் நாலு காப்பிக்கடை இருக்கிறது, அந்த வாசனை ஒன்றிலும் இல்லை. அது கிடக்கட்டும்.

வீரையா அண்ணன் வந்தபோது அவருக்கு நாற்பது வயது, எனக்கு இருபத்தாறு. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆறு மாதம் புகார் இல்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அவர்களை வரவழைக்கலாம். ராத்திரி பகலாக அதே பேச்சுதான்.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் பகலில் நான் பக்கத்துச் சந்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சீன மளிகைக்கடைக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கத்துகிறார். எங்களுக்கும் சீனர்களுக்கும் பொதுவாக இருந்த பாஷை அதுதான். கடையோரம் படைத்து வைத்த சாப்பாட்டையெல்லாம் அண்ணன் கூட்டி வண்டியில் போட்டுவிட்டாராம். எங்கள் ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லப் போகிறாராம்.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"சாமிக்கு வச்சதுன்னு நெனச்சேன் தம்பி. பத்தி எரியுது, பண்டம் இருக்கு. நம்ம கோயில்ல படைச்சா எடுத்துத் திங்கிறதில்லையா? ஆவியில வேகவச்ச ரொட்டி இருக்கே, அந்த பாவ் ஒண்ண கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னேன். மிச்சத்துல எறும்பு மொய்க்குமேன்னு கூட்டிட்டேன்."

"அண்ணே, அது சாமிக்கு இல்ல. சீனங்களுக்கு இது ஏழாம் மாசம், ஆவிங்க அலையுற மாசம். செத்தவங்களுக்கு வச்சது."

அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது.

அதற்குள் கடைக்காரரின் தாயார் வெளியே வந்துவிட்டார். "சூடா மக்கான்?" என்றார். தின்றுவிட்டானா என்று மலாயில் கேட்கிறார். பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வண்டியில் கிடந்த பாவ்களை அவர் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று தின்றார் என்று சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா பயந்துபோனார். "ஐயோ, அந்த ஆவி இவன் பின்னாலேயே போகுமே. இவனப் பாத்துக்க வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. கப்பல்ல வந்து ரெண்டு வாரம்தான் ஆவுது."

அந்த அம்மா மகனிடம் சீனத்தில் என்னமோ சொன்னார். மகன் அண்ணனின் கையை விட்டார். பிறகு தாயார் என்னிடம், "சோறு போட ஆளில்லாம அலையுறதுங்களுக்குத்தான் வச்சேன். இவனும் அப்படித்தான இருக்கான்" என்றார். மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி அண்ணனிடம் கொடுத்து, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அண்ணன் அதைச் சாக்கடையோரம் நட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகார் ஆபீசுக்குப் போகவில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் கேட்டார்: "எல்லா ரோட்டையும் காட்டின. இத ஏன் தம்பி காட்டல?"

அதன் பிறகு வந்தவர்களுக்கு நான் முதல் நாள் துடைப்பமே கொடுத்ததில்லை. ஓரமாக உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வேன். "கூட்டுறதுக்கு முன்னாடி, இது குப்பையான்னு கேளு. கேக்க ஆளில்லன்னா விட்டுட்டுப் போ. ரோடு எங்கயும் ஓடிப்போயிடாது லா" என்பேன்.

மறு வருஷம் அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். ஊர் காட்ட என்னைக் கூப்பிடுவார் என்று சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். அவரே கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலில் அந்த அம்மாவின் கடைக்குத்தான் போனார்களாம்.