கீரிப்பாறை பஸ்ஸில் ஒரு தூக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கணவர் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். பிள்ளைகள் வளைகுடாவில். வீடியோ காலில் அவர்கள் அழுவார்கள், நான் சமாதானம் சொல்வேன்.

ஆரம்பத்தில் சபையிலிருந்து ஜெபிக்க ஆட்கள் வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் காப்பி போட வேண்டும். போகப்போக எனக்கு ஜெபம் மறந்து, கழுவிய டம்ளர்கள்தான் நினைவில் நின்றன. என்றைக்கென்று தெரியாது, நம்பிக்கை போய்விட்டது. கடவுளோடு சண்டையெல்லாம் இல்லை, வெறும் களைப்பு. சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினேன். கணவருக்கு அதில் பெரிய வருத்தம்.

அன்று காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். அய்யாவழிக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"மக்கா, நீ சர்ச்சுக்குப் போயிட்டு வா. இவர நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"எனக்கு இப்ப அதுல நம்பிக்கை இல்லக்கா."

"அப்ப நம்பிக்கை இல்லாமலே எங்கயாவது போயிட்டு வா."

சேலையை மாற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்த பிறகுதான், போக எனக்கு ஓர் இடம்கூட இல்லை என்று தெரிந்தது. வந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தது வரைதான் நினைவிருக்கிறது. "கீரிப்பாறை வந்தாச்சு, இறங்கல்லியாக்கா?" என்று கண்டக்டர் எழுப்பியபோது, சுற்றிலும் ரப்பர் மரங்கள். "இல்ல தம்பி, இப்பிடியே திரும்பணும்" என்றேன். அவர் சாரல் என்மேல் விழாதபடி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார். மறுபடியும் தூங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் குழறிய குரலில், "இண்ணைக்கு என்ன பிரசங்கம்?" என்றார். பொய் சொல்லத் தெம்பில்லை. "சர்ச்சுக்குப் போகல்ல. பஸ்ஸுல உறங்கினேன்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன்.

"அங்க போனாலும் நீ உறங்கத்தான செய்வ" என்று கோணிய வாயோடு சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்கா கிளம்பும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. ஆனி பிறந்து அதுதான் முதல் ஞாயிறு. தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அவர் தவறாமல் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதிக்குப் போவார். அங்கே சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும். அதில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள்.

"பதிக்குப் போகல்லியாக்கா?" என்றேன்.

"அங்க போயும் கண்ணாடியில ஒரு மொகத்தத்தான் பாக்கணும். நேத்து பைப்படியில உன் மொகத்தப் பாத்தேன். பொறவு போக மனசு வரல்ல மக்கா."

அதன்பிறகு ஞாயிறு தோறும் வருகிறார். முதல் ஞாயிறு மட்டும் நான் பிடிவாதம் பிடித்து அவரைப் பதிக்கு அனுப்பிவிடுகிறேன். கணவர் இன்னும் படுக்கையில்தான். என் களைப்பு தீரவில்லை, நம்பிக்கையும் திரும்பவில்லை. கடவுள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். என் முகத்தைப் பார்த்து ஒருவர் பதிக்குப் போகாமல் நின்றார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.