சொளவில் ஒட்டிய மூன்று கேள்விகள்

கருப்பையைத் துணியில் வரைந்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது என் தொழில். இந்தத் தொழிலில் பெரிய கஷ்டம், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க என்ன வேலை பாக்கிய?" என்று கேட்பதுதான்.

பெண்கள் உடல்நலம் என்று சொன்னால், யோகாவா என்பார்கள். பிள்ளை பெறுவதும், வேண்டாம் என்பதும், பெற்றதை மரியாதையாக வளர்ப்பதும் அந்தந்தப் பெண் முடிவு செய்ய வேண்டிய காரியம், அதற்காகப் படம் வரைகிறேன் என்று முழுசாகச் சொன்னால், பாயசம் வருகிறவரை அந்தப் பக்கமிருந்து பேச்சே வராது. செய்கிற வேலையை ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாமல் விழிக்கிற அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் பத்தாவது வரை தமிழ், பிறகு எல்லாம் இங்கிலீஷ், அதன்பிறகு பெங்களூரில் இருபது வருஷம் சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் விளம்பரப் படம். நாற்பத்தைந்து தாண்டித்தான் ஊர் திரும்பினேன்.

லக்கேஜ்

ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் என்னிடம் ஆள் உயரத்துக்குச் சுருட்டிய துணி ஒன்று இருந்தது. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, லக்கேஜ் போட வேண்டும் என்றார். உள்ளே என்ன என்று கேட்டார். படம் என்றேன். சாமி படமா என்றார். மறைத்து என்ன ஆகப்போகிறது, கருப்பை என்றேன்.

முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் மட்டும் முகம் மாறவில்லை. விசிலை வாயில் வைக்கப் போனவர், கையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "அதுக்கு லக்கேஜ் கிடையாதுக்கா. எல்லாப் பொம்பளையளும் சும்மாதானே கொண்டு போறாவ."

ஆறடிப் படம்

நான் போன தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மத்தியானத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, மடியில் சொளவு, சொளவில் இலையும் தூளும் வைத்துச் சுற்றுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் முறம் என்பதைத்தான் நாங்கள் சொளவு என்போம். கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். எனக்கு அதைவிட நல்ல கூட்டம் வேண்டுமா? மரத்தில் துணியைக் கட்டி விரித்தேன். பெங்களூர்ப் பழக்கம், எல்லாம் பெரிசாக இருக்க வேண்டும். ஆறடிக்குக் கருப்பை, ரோஸ் நிறத்தில். ஆட்டுத் தலை மாதிரி இருக்கிறது என்று ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

மாரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். ஆறு மாதமாக வெள்ளைபடுதலும் இடுப்பு வலியும். டவுனில் ஒரு கிளினிக்கில், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி, அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு என்று தெருவே சொல்லிவிட்டது. ஆனால் அவளுடைய அக்கா இதே மாதிரி முப்பதில் எடுத்தவள். இப்போது எலும்பு வலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் சொளவுக்கு முன்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பயம் மாரியம்மாளுக்கு. என் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பைய கேட்டாள்: "இம்புட்டுப் பெருசு வயித்துக்குள்ள கெடந்தா, எடுக்கணும்னு டாக்டர் சொன்னது சரிதானே டீச்சர்?"

துண்டுத்தாள்

அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பயம் தெளிய வைக்கப் போய், பயத்தை ஆறடிக்கு வரைந்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன். மறுநாளே உட்கார்ந்து, கெட்டித் தாளில், உள்ளே இருக்கிற அதே அளவில், ஒரு கொய்யாக்காய் அளவுக்கு வரைந்தேன். கீழே மூன்று கேள்விகள். எனக்கு என்ன கோளாறு? எடுக்காமல் குணமாக வேறு வழி உண்டா? எடுத்தால் பின்னால் என்ன ஆகும்? அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால் ஒரு தாளையும் காணோம். கடைசியில் கண்டுபிடித்தேன். சொளவின் இடுக்கு வழியாகத் தூள் சிந்தாமல் இருக்க, கெட்டித் தாள் எது கிடைத்தாலும் பசை தடவி உள்ளே ஒட்டிவிடுவார்கள். என் ஓவியம் பதினைந்து சொளவிலும் புகையிலைத் தூளுக்கு அடியில் கிடந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து மாரியம்மாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூன்று கேள்வியையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். பிறகு சொன்னாள்: "பெட்டிக்குள்ள வச்சா யாரு பாக்கா? மடியில கெடந்தாத்தான் காலைலருந்து பொழுதடையிற வரைக்கும் கண்ணுல படும்."

டாக்டர் அறையில்

குறித்த வெள்ளிக்குப் பத்து நாள் முன்னால் கிளினிக்குக்குப் போனோம். மாரியம்மாள், லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் கணேசன், நான். கணேசன் வெளியே நின்றுகொண்டார். பொம்பளை சமாச்சாரம் என்றார். உள்ளே போனதும் மாரியம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சொளவிலிருந்து உரித்தது. ஓரமெல்லாம் கிழிந்து, தூள் வாடை அடித்தது. முதல் கேள்வியைக் கேட்டாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், அவரிடம் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார் டாக்டர். மாரியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்: "கர்ப்பப்பை அவுககிட்ட இல்ல சார், எங்கிட்டதான் இருக்கு. எங்கிட்டயே சொல்லுங்க."

கணேசனுக்கும் மாத்திரை

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத் தொடங்கி, இரண்டாவதிலேயே நின்றார். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, அதைச் செய்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தோம். வெறும் கிருமித் தொற்று. இரண்டு வாரம் மாத்திரை, புருஷனும் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நோவு அவளுக்கு, மாத்திரை எனக்கெதற்கு என்று கணேசன் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. நானாக இருந்தால் தொற்று எப்படிப் பரவுகிறது என்று ஒரு படம் வரைந்து காட்டியிருப்பேன். கிராம நர்ஸ் விமலாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆட்டோ ஜன்னல் வழியாக மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள்: "முழுங்குங்க அண்ணாச்சி. வெள்ளையடிக்கும்போ வீட்டுல ஒரு செவத்துக்கு மட்டுமா அடிப்பிய?"

குறித்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே அந்தத் தெருவுக்குப் போனேன். இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்க வேண்டியவள் வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரை முடிய இன்னும் சில நாள் இருக்கும்போதே வெள்ளைபடுதல் நின்று, வலியும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தியிடமும் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்களாம்.

புதிய துணி விரித்தேன். இந்த முறை ஆறடிக்குப் பெண் உருவம், அதற்குள் கொய்யாக்காய் அளவில் கருப்பை. மரத்தின் கிளை ஒன்று வெட்டுப்பட்டிருந்ததால் துணியின் ஒரு முனையைக் கட்ட இடமில்லை. கையில் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் மாரியம்மாள் சொளவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அக்கா கதை, டாக்டர் கதை, கணேசன் மாத்திரை முழுங்கிய கதை, ஒன்றும் விடவில்லை. எடுக்கச் சொல்லியிருந்த அந்தப் பக்கத்துத் தெருப் பெண் கேட்ட சந்தேகத்துக்கு நான் வாய் திறந்தபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க அந்த மொனையத் தொங்க விடாமப் புடிச்சாப் போதும் டீச்சர், நான் பேசுதேன்."

இரண்டு மொழியில் படித்து, இருபது வருஷம் வெளியூரில் படம் போட்டு, ஊர் திரும்பி நான் எட்டியிருக்கிற பதவி, ஒரு துணியின் முனையைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. இனிமேல் பந்தியில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், அதுவும் சத்தமாக.